சுகர், பிரஷர், மூட்டுவலி உள்ளவர்களுக்குப் பயிற்சி: மருத்துவ உடற்பயிற்சியைத் தொழிலாகத் தொடங்குபவர்களுக்கு

"நல்லா நடங்க, கொஞ்சம் எக்சர்சைஸ் பண்ணுங்க." கன்சல்டேஷன் முடியும்போது டாக்டர் சொல்லும் கடைசி வரி இது. எவ்வளவு நடப்பது, சாப்பிட்டுவிட்டா வெறும் வயிற்றிலா, முட்டி வலித்தால் நிறுத்துவதா தொடர்வதா என்று விளக்க ஓபி நெரிசலில் அவருக்கு நேரம் இல்லை. மூட்டு மாற்று ஆபரேஷன் முடிந்தவரைப் பிசியோதெரபிஸ்ட் சில வாரங்கள் பார்த்துவிட்டு, "இனி நீங்களே பண்ணிக்கலாம்" என்று அனுப்புகிறார். வீட்டுக்கு வந்தவர் பத்து நாள் செய்கிறார், பிறகு விட்டுவிடுகிறார். பக்கத்து ஜிம்மில் எட்டிப் பார்த்தால் உள்ளே இளவட்டங்கள், காதைப் பிளக்கும் பாட்டு. இந்த மூன்று இடத்திலும் சேராமல் நிற்பவர்தான் உங்கள் வாடிக்கையாளர்.

இவர்கள் கொஞ்சநஞ்சம் பேர் இல்லை. 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஐசிஎம்ஆர்–இண்டியாப் ஆய்வு, நாட்டில் சர்க்கரை நோய் உள்ளவர்களை 10.1 கோடி என்று கணக்கிட்டது. பயிற்சி பலன் தரும் என்பதற்கு ஆதாரம் தேடி வெளிநாடு போக வேண்டியதில்லை. சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு 2006இல் வெளியிட்ட இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், நோயின் விளிம்பில் இருந்தவர்களுக்கு உணவு, நடைப் பழக்கங்களை மாற்றியதே நோய் வரும் வாய்ப்பை 28.5 சதவீதம் குறைத்தது. ஒரு டாக்டரிடம் பேசப் போகும்போது கையில் இருக்க வேண்டிய எண் இது.

ஜிம் பயிற்சியாளர், உடற்கல்வியில் பி.பி.எட். முடித்தவர், யோகா ஆசிரியர் ஆகியோரை மனதில் வைத்து எழுதியது இந்தக் கட்டுரை. பிசியோதெரபிஸ்டுகள் பாதுகாப்புப் பகுதியைத் தாண்டி, கட்டணம், டாக்டர் கடிதம் ஆகிய பகுதிகளுக்கு நேரே போகலாம்.

போர்டு எழுதும் முன்

நோயைக் கண்டுபிடிப்பதும் சிகிச்சை தருவதும் உங்கள் வேலை இல்லை. நோய் கண்டறியப்பட்டு, மருந்தில் கட்டுப்பட்டு, "பயிற்சி செய்யலாம்" என்று டாக்டர் சொன்ன ஒருவருக்கு அந்தப் பயிற்சியைப் பாதுகாப்பாக அளந்து கொடுப்பதுதான் வேலை. பிசியோதெரபி இன்று 2021ஆம் ஆண்டின் துணை மருத்துவ, சுகாதாரத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டத்தின் கீழ் வரும் தொழில். அந்தப் படிப்பு இல்லாதவர் போர்டிலோ விசிட்டிங் கார்டிலோ "பிசியோ", "தெரபி", "சிகிச்சை" என்று போடக் கூடாது. "உடற்பயிற்சி வழிகாட்டல்: சர்க்கரை, ரத்த அழுத்தம், மூட்டுவலி உள்ளவர்களுக்கு" என்று எழுதினாலே வர வேண்டியவர்கள் வருவார்கள்.

"சுகரை விரட்டுங்கள்", "90 நாளில் மாத்திரைக்கு விடை" போன்ற விளம்பரம் வேண்டவே வேண்டாம். 1954ஆம் ஆண்டின் மருந்துகள், மாய நிவாரணங்கள் விளம்பரச் சட்டத்தில், குணமாக்குவதாக விளம்பரம் செய்யக் கூடாத நோய்ப் பட்டியலில் சர்க்கரை நோயும் உண்டு. சட்டம் மருந்தையும் மந்திரத்தையும் பற்றியது, உடற்பயிற்சியைப் பற்றியது இல்லையே என்று வாதாடலாம். ஆனால் பயிற்சியோடு ஒரு மூலிகைப் பொடி டப்பாவையும் சேர்த்து விற்பவர்கள் நேராகப் போய் மாட்டுவது அங்கேதான். அதைவிட, அப்படி ஒரு நோட்டீஸைப் பார்த்த டாக்டர் அதற்கப்புறம் உங்களிடம் ஒருவரைக்கூட அனுப்ப மாட்டார்.

மாத்திரை அளவைப் பற்றி வாயே திறக்காதீர்கள். "சுகர் இறங்கிடுச்சே, அரை மாத்திரை போதுமா?" என்று கட்டாயம் கேட்பார்கள். "அளவுகளை எழுதித் தருகிறேன், டாக்டரிடம் காட்டுங்கள்" என்பது மட்டுமே பதில்.

யாரை எடுப்பது, யாரை விடுவது

எல்லா நோய்க்கும் பயிற்சி தருகிறேன் என்று கடை விரித்தால் எதிலும் கை தேறாது. முதல் ஆண்டுக்கு மூன்று வகை போதும்: கட்டுப்பாட்டில் உள்ள இரண்டாம் வகைச் சர்க்கரை நோயும் ரத்த அழுத்தமும் உள்ளவர்கள், முட்டித் தேய்மானம் உள்ளவர்கள், விழுந்துவிடுவோமோ என்று பயந்து நடமாட்டத்தைக் குறைத்துக்கொண்ட முதியவர்கள். பெரும்பாலும் மூன்றும் ஒரே ஆளிடம் இருக்கும்.

சமீபத்தில் மாரடைப்பு, ஸ்டென்ட், பைபாஸ் ஆனவர்களை எடுக்காதீர்கள். அவர்களுக்கு ஆஸ்பத்திரிக் கண்காணிப்பில் நடக்கும் இதய மறுவாழ்வுப் பயிற்சி தேவை. பக்கவாதம் வந்து சில மாதங்களே ஆனவர்களும், காலில் ஆறாத புண் உள்ளவர்களும், கீமோவில் இருப்பவர்களும் அப்படியே. சர்க்கரையால் விழித்திரையில் ரத்தக்கசிவு உள்ளவர் விஷயத்தில் கண் டாக்டரின் எழுத்து இல்லாமல் பாரம் தூக்க வைக்கக் கூடாது. மூச்சைப் பிடித்துத் தூக்குவதும் தலையைக் கீழே தொங்கவிடுவதும் கண்ணுக்குள் அழுத்தத்தை ஏற்றிவிடும். வருகிற காசை விடுவதா என்று தோன்றும். முதல் மூன்று மாதத்தில் ஒரு விபத்து நடந்தால் அந்தத் தெருவில் தொழில் முடிந்தது.

படிப்புக்கு, அமெரிக்கன் காலேஜ் ஆஃப் ஸ்போர்ட்ஸ் மெடிசின், அமெரிக்கன் கவுன்சில் ஆன் எக்சர்சைஸ் ஆகியவற்றின் சான்றிதழ்களுக்கு இங்கிருந்தே படிக்கலாம். பல்கலைக்கழக வழியில் போக விரும்பினால் சென்னையில் தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் இருக்கிறது. சான்றிதழ் எதுவானாலும் அடிப்படை உயிர்காப்புப் பயிற்சியை நேரில் போய், பொம்மையின் மார்பில் அழுத்திப் பழகுங்கள். நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழம். வீடியோ பார்த்து இது கைக்கு வராது.

பையில் என்ன இருக்க வேண்டும்

மேல்கையில் கட்டும் தானியங்கி பிரஷர் மெஷின், இரண்டு அளவு கஃப் (கையில் சுற்றும் பட்டை). மணிக்கட்டில் கட்டுவதை வாங்காதீர்கள். பருத்த கைக்குச் சின்ன கஃப் கட்டினால் அளவு உண்மையைவிட அதிகமாகக் காட்டும். சரியான பிரஷர் உள்ளவரை வீணாகப் பயமுறுத்தி டாக்டரிடம் அனுப்பிவிடுவீர்கள். ஸ்டாப்வாட்ச், அளவு டேப், மூன்று பலத்தில் ரெசிஸ்டன்ஸ் பேண்ட் (இழுத்துப் பயிற்சி செய்யும் ரப்பர் பட்டை), ஒன்று முதல் ஐந்து கிலோ வரை டம்பெல், ஏறி இறங்க 10 சென்டிமீட்டர் உயரக் கட்டை, குளுக்கோஸ் பொடிப் பாக்கெட், ஒரு நோட்டு. இவ்வளவுதான். டிரெட்மில் வாங்கிக் கடனில் தொடங்கத் தேவையே இல்லை.

சுகர் மெஷின் வாடிக்கையாளருடையதாக இருக்கட்டும். விரலில் குத்தும் பேனாவை ஒருவருக்குப் பயன்படுத்தியதை இன்னொருவருக்குப் பயன்படுத்தவே கூடாது, ஊசியை மாற்றினாலும் சரி. ஹெபடைடிஸ் பி பரவிய வழிகளில் இதுவும் ஒன்று.

முதல் சந்திப்பு: ஒரு மணி நேரம், பயிற்சி கிடையாது

முதல் நாளே பயிற்சியைத் தொடங்காதீர்கள். இந்த ஒரு மணி நேரத்துக்குத் தனிக் கட்டணம் வாங்குங்கள். இலவச மதிப்பீடு என்று அறிவித்தால் கூட்டம் வரும், வாடிக்கையாளர் வர மாட்டார்.

வந்து உட்கார்ந்ததும் ஐந்து நிமிடம் பேசாமல் இருக்கச் சொல்லுங்கள். முதுகு சாய்ந்து, பாதம் தரையில், கை இதய மட்டத்தில். பிறகு பிரஷர். ஒரு நிமிடம் விட்டு இன்னொரு முறை. மாடிப்படி ஏறி மூச்சிரைக்க வந்தவரிடம் உடனே எடுத்த அளவு குப்பைக்குத்தான் போக வேண்டும்.

அடுத்து மாத்திரைப் பை. "என்ன மாத்திரை?" என்று வாயால் கேட்டால் "வெள்ளையா, சின்னதா" என்றுதான் பதில் வரும். மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கு வந்த அட்டை, மெடிக்கலில் வாங்கிய அட்டை, தைலம் வரை எல்லாவற்றையும் மேசையில் கொட்டச் சொல்லி, அட்டையின் பின்னால் சின்ன எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். உங்களுக்கு முக்கியமானவை மூன்று.

கிளிமிபிரைடு, கிளிக்ளசைடு, கிளிபென்கிளமைடு, அல்லது இன்சுலின்: பயிற்சியின்போதும் பிறகும் சுகர் ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் சேர்ந்த ஒரே மாத்திரை நம்மூரில் மிக அதிகம். "வெறும் மெட்ஃபார்மின்தான்" என்று வாடிக்கையாளர் சொன்னாலும் அட்டையைத் திருப்பிப் பாருங்கள். சிட்டாகிளிப்டின் போல "கிளிப்டின்" என்று முடிவது வேறு இனம். அது தனியாகச் சுகரை ஆபத்தாக இறக்குவது அரிது.

"லால்" என்று முடியும் அட்டெனோலால், மெட்டோப்ரோலால், பிசோப்ரோலால்: இவை இதயத் துடிப்பு ஏறவிடாமல் பிடித்துவைக்கும். அதிகபட்சத் துடிப்பைக் கணிக்க 220இல் வயதைக் கழிக்கும் கணக்கு இவர்களுக்குப் பொருந்தாது. துடிப்பு 100ஐத் தாண்டவில்லையே என்று இன்னும் விரட்டினால் ஆள் சுருண்டுவிடுவார். சுகர் இறங்கும்போது வரும் படபடப்பையும் இதே மருந்து மறைத்துவிடும், வியர்வை மட்டும் தெரியும்.

பிரஷருக்கான பிரசோசின், நீர் பிரியும் மாத்திரைகள், புரோஸ்டேட்டுக்கான டாம்சுலோசின்: படுத்து எழுந்தால் தலை சுற்றும். இவர்களுக்குத் தரைப் பயிற்சியை எப்போதும் கடைசியில் வைத்து, எழுந்து உட்கார்ந்து ஒரு நிமிடம் கழித்தே நிற்க விடுங்கள்.

பிறகு செருப்பைக் கழற்றச் சொல்லி உள்ளங்காலையும் விரலிடுக்கையும் பாருங்கள். கூச்சப்படுவார்கள், பரவாயில்லை. உணர்ச்சி குறைந்த காலில் கொப்புளம் இருப்பது அவருக்கே தெரிந்திருக்காது. வீட்டுக்குள் வெறுங்காலோடு இருப்பது நம் வழக்கம். மரத்துப்போன கால் உள்ளவர் மட்டும் பயிற்சி நேரத்தில் வீட்டுக்குள்ளேயும் ஷூவோ மூடிய செருப்போ போட வேண்டும், அதற்கென்றே ஒரு ஜோடி வைத்துக்கொள்ளட்டும்.

பிறகுதான் சோதனைகள். 43 சென்டிமீட்டர் உயர நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, கைகளை மார்பில் கட்டி, 30 விநாடியில் எத்தனை முறை எழுந்து உட்காருகிறார் என்று எண்ணுங்கள். 60 முதல் 64 வயதில் பெண் 12க்கும் ஆண் 14க்கும் கீழே என்றால் கால் பலம் குறைவு. பிளாஸ்டிக் நாற்காலி டைல்ஸ் தரையில் வழுக்கும், அதற்காகத்தான் சுவர். பன்னிரண்டு வாரம் கழித்து அதே நாற்காலியில்தான் மறுபடி சோதிக்க வேண்டும். உயரம் நான்கு சென்டிமீட்டர் மாறினால் உங்கள் ஒப்பீடு செல்லாது.

எழுந்து மூன்று மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்காரும் நேரம் 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் விழும் ஆபத்து உண்டு. இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90, பெண்ணுக்கு 80 சென்டிமீட்டர் என்பது நம் மக்களுக்கான எல்லை. ஆறு நிமிட நடைச் சோதனைக்கு 30 மீட்டர் நேர்த்தடம் வேண்டும். அபார்ட்மெண்ட் வராந்தா இருந்தால் செய்யுங்கள், இல்லாவிட்டால் நின்ற இடத்திலேயே முட்டியை உயர்த்தி இரண்டு நிமிடம் அடியெடுக்கச் சொல்லி, வலது முட்டி ஏறும் எண்ணிக்கையை எழுதுங்கள்.

கடைசிக் கேள்வி: "என்ன செய்ய முடிந்தால் போதும்?" எடை குறைய வேண்டும் என்று தொடங்குவார்கள். கொஞ்சம் பொறுங்கள். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து எழ வேண்டும், பேரனைத் தூக்க வேண்டும், கைப்பிடி இல்லாமல் பஸ்ஸில் ஏற வேண்டும், மலைக்கோயில் படியில் பாதியாவது ஏற வேண்டும் என்று உண்மையான ஆசை வரும். அதை அவர் சொன்ன வார்த்தையிலேயே நோட்டில் எழுதுங்கள். பணம் கட்டித் தொடர்வது அதற்காகத்தான்.

டாக்டரின் அனுமதி

மதிப்பீட்டுத் தாளின் ஒரு பிரதியோடு, அவருடைய டாக்டருக்கு அரைப்பக்கக் கடிதம் கொடுத்தனுப்புங்கள். என்ன பயிற்சி, வாரம் எத்தனை நாள், எவ்வளவு கடினம், தவிர்க்க வேண்டியது ஏதும் உண்டா? கீழே டாக்டர் டிக் அடித்துக் கையெழுத்துப் போட இரண்டு வரி. "பயிற்சி செய்யலாமா?" என்று மட்டும் கேட்டால் "செய்யலாம்" என்று வரும், அதனால் பயனில்லை. அழுத்தம், சுகர், கண், கால் என்று தனித்தனியாகக் கேளுங்கள்.

டாக்டரின் அறிமுகம் தேடி மெடிக்கல் ரெப்புகளோடு வரிசையில் உட்காருவதைவிட இந்த வழி பல மடங்கு நல்லது. அவருடைய நோயாளியைப் பற்றி, அவருக்குப் பயன்படும் தகவலோடு, நோயாளியின் கையாலேயே போகிறது கடிதம். மூன்று பேர் வழியாக மூன்று கடிதம் போன பிறகு ஓபி முடியும் நேரத்தில் போய் ஐந்து நிமிடம் கேளுங்கள். பெயர் ஏற்கனவே தெரிந்திருக்கும்.

அமர்வுக்கு முன் பார்க்கும் எண்கள்

ஒவ்வொரு முறையும் பிரஷர். ஓய்வில் 200/110ஐத் தாண்டினால் பயிற்சி கூடாது என்பது பொதுவான வழிகாட்டுதல். வீடுகளில் தனியாக வேலை செய்பவர் 180/110இலேயே நிறுத்திக்கொள்வது நல்லது. பத்து நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள், இறங்காவிட்டால் அன்று பயிற்சி இல்லை, டாக்டருக்கு போன். கூடவே நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், பார்வை மங்கல் இருந்தால் நேரே 108.

இன்சுலினோ "கிளி" என்று தொடங்கும் மாத்திரையோ எடுப்பவருக்கு, தொடங்கும் முன் சுகர் 90க்குக் கீழே என்றால் 15 முதல் 30 கிராம் மாவுச்சத்து கொடுத்துவிட்டுத் தொடங்குங்கள். ஒரு சின்ன வாழைப்பழமோ இரண்டு இட்லியோ அந்த அளவுக்கு வரும். 300க்கு மேல் என்றால், வாந்தி, அசதி, தாகம் இல்லாமல் நன்றாக இருந்தால் மட்டும் தண்ணீர் குடித்துவிட்டு மெதுவான நடை. உடம்பு சரியில்லை என்றால் வீட்டுக்கு. பயிற்சியின் நடுவில் வியர்த்து, கை நடுங்கி, பேச்சு குழறினால் உட்கார வைத்து அளவெடுங்கள். 70க்குக் கீழே என்றால் 15 கிராம் குளுக்கோஸ், 15 நிமிடம் காத்திருந்து மறுபடி அளவு, இன்னும் ஏறவில்லை என்றால் இன்னொரு 15. பிஸ்கட், சாக்லேட் வேண்டாம், கொழுப்பு இருப்பதால் மெதுவாகத்தான் ஏறும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

நம்மூரில் இந்த விபத்து நடப்பது பெரும்பாலும் ஒரே மாதிரிதான். காலை ஐந்தரைக்கு எழுந்து, கிளிமிபிரைடு மாத்திரையைப் போட்டுவிட்டு, "வந்து சாப்பிட்டுக்கலாம்" என்று நடக்கக் கிளம்புவது. இரண்டாவது விரத நாள். சஷ்டி, ஏகாதசி, ரம்ஜான் நோன்பு எதுவானாலும் முன்கூட்டியே கேட்டு நோட்டில் குறித்துவையுங்கள். அன்று முழு அமர்வு கிடையாது, மூட்டு அசைவும் சமநிலைப் பயிற்சியும் மட்டும். மாத்திரை எப்படி எடுப்பது என்பதை அவர் டாக்டரிடம் முன்பே கேட்டிருக்க வேண்டும். விரதத்தை விடச் சொல்வது உங்கள் வேலை இல்லை, சொன்னாலும் கேட்கமாட்டார்கள்.

முட்டிவலிக்கு அளவுகோல் வலியேதான். பூஜ்யம் முதல் பத்து வரை கேட்டால், பயிற்சியில் நான்கு வரை ஏறலாம், மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லையா, அடுத்த முறை எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள், பயிற்சியை நிறுத்தாதீர்கள். கெண்டைக்கால் ஒரு பக்கம் மட்டும் வீங்கிச் சூடாக இருப்பது, இடுப்புவலியோடு சிறுநீர் அடக்க முடியாமை அல்லது அமரும் இடம் மரத்துப்போவது, காரணமில்லாமல் எடை குறைவது: இவற்றைக் கேட்டால் பயிற்சிப் பேச்சே கூடாது, அன்றே டாக்டர்.

பன்னிரண்டு வாரம் எப்படிப் போகும்

வாரம் 150 நிமிடம் மிதமான நடை, இரண்டு மூன்று நாள் பலப்பயிற்சி, தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் இடைவெளி கூடாது: சர்க்கரை நோயாளிக்கு இலக்கு இது. முதல் வாரமே அங்கே போகக் கூடாது. சாப்பாட்டுக்குப் பின் பத்து நிமிட நடையாக, நாளுக்கு இரண்டு முறை தொடங்குங்கள். உணவுக்குப் பின் ஏறும் சுகரை அது நேரடியாகப் பிடிக்கும், மெஷினில் எண்ணும் தெரியும். எண்ணைப் பார்த்தவர் தானாக நடப்பார்.

பலப்பயிற்சிக்கு ஐந்து அசைவுகள் போதும். நாற்காலியிலிருந்து எழுதல், சுவரில் கை ஊன்றித் தள்ளுதல், பேண்டை இழுத்தல், குதிகால் உயர்த்தல், கட்டையில் ஏறி இறங்கல். 10 முதல் 15 முறை, இரண்டு சுற்று. முட்டிவலிக்காரருக்கு நாற்காலியில் ஒரு தலையணை போட்டு உயர்த்தித் தொடங்கி, இரண்டு வாரம் கழித்து எடுத்துவிடுங்கள். அடுத்தடுத்து இரண்டு அமர்வில் 15ஐ எளிதாகத் தாண்டினால் பாரம் ஏற்றலாம். ஒரு கிலோவிலிருந்து இரண்டு கிலோ என்பது இரட்டிப்பு என்பதை மறந்து பலர் தோளைக் கெடுத்துவிடுகிறார்கள். இடையில் பேண்ட், அல்லது ஒன்றரை லிட்டர் தண்ணீர் பாட்டில். எடை தூக்கும்போது வாய்விட்டு எண்ணச் சொல்லுங்கள். எண்ணுகிறவர் மூச்சைப் பிடிக்க முடியாது, பிரஷர் திடீரென எகிறுவதும் குறையும். கடினத்துக்கு அளவு: வாக்கியமாகப் பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. முடிக்கும்போது ஐந்து நிமிடமாவது மெதுவாக நடந்து இறங்க வேண்டும், பிரஷர் மாத்திரை எடுப்பவர் சட்டென்று நின்றால் தலை கிறுகிறுக்கும்.

முதல் நான்கு வாரம் வாரத்துக்கு மூன்று அமர்வு, அடுத்த நான்கு வாரம் இரண்டு, கடைசி நான்கு வாரம் ஒன்று. மொத்தம் 24. மீதி நாட்களில் அவரே வீட்டில் செய்து நோட்டில் டிக் அடிக்க வேண்டும். காலம் முழுக்க உங்களை நம்பியே இருக்க வைத்தால் வருமானம் நிலைக்கும் என்று தோன்றும். நடப்பது வேறு. ஐந்தாவது மாதம் செலவு உறுத்தி, சொல்லாமல் நின்றுவிடுவார்கள். பன்னிரண்டு வாரத்தில் கணக்கு முடிந்து, பிறகு மாதம் ஒரு முறை சரிபார்க்க வருபவர்கள் ஆண்டுக்கணக்கில் தொடர்வார்கள், தங்கையையும் சம்பந்தியையும் அனுப்புவார்கள்.

கட்டணக் கணக்கு

ஒரு வீட்டு அமர்வுக்கு 500 ரூபாய் என்று உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம். ஊருக்கு ஊர் மாறும், உங்கள் பகுதியில் பிசியோ வீட்டுக்கு வர என்ன வாங்குகிறார் என்று கேட்டு அதற்குச் சற்றுக் கீழே தொடங்குங்கள். இந்தத் தொழிலின் நேரம் காலை 5.30 முதல் 9.30, மாலை 4.30 முதல் 7.30. மொத்தம் ஏழு மணி நேரம்தான். அமர்வு 60 நிமிடம், போக வர 50 நிமிடம் என்றால் காலையில் இரண்டு, மாலையில் ஒன்று. மாதம் 25 நாளுக்கு 37,500 ரூபாய், அதில் பெட்ரோல், போன், இன்சூரன்ஸ். அடுத்தடுத்த வீடுகளுக்கு இடையே பத்து நிமிடம்தான் என்றால் காலையில் மூன்று, மாலையில் இரண்டு. அதே கட்டணத்தில் 62,500. ஊரெல்லாம் சுற்றாமல் ஒரே பின்கோடில் நில்லுங்கள் என்பதற்குக் காரணம் இதுதான். வேளச்சேரியில் இருப்பவர் அம்பத்தூர் வாடிக்கையாளரை ஏற்றால் நட்டம் அவருக்கே.

அடுத்த படி, அபார்ட்மெண்ட் ஹாலில் நான்கு பேர் குழு. தலைக்கு 250 என்றாலும் மணிக்கு 1,000. ஆனால் எல்லோருக்கும் மதிப்பீடு முடித்து, ஒரே மாதிரி அளவில் இருப்பவர்களைத்தான் சேர்க்க வேண்டும். ஆறு பேருக்கு மேல் போனால் ஒருவர் முகம் வெளிறுவது உங்கள் கண்ணில் படாது.

24 அமர்வுப் பணத்தை மூன்று தவணையாக, ஒவ்வொரு நான்கு வாரத்தின் தொடக்கத்திலும் வாங்குங்கள். அமர்வு முடிந்ததும் கேட்பது தர்மசங்கடம், மாதக் கடைசியில் கேட்டால் பாக்கி. முந்தின இரவு ஒன்பது மணிக்குள் சொல்லாமல் ரத்து செய்தால் அமர்வு கழியும், உடம்பு சரியில்லை என்றால் கழியாது என்று முதல் நாளே தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். தை மாதக் கல்யாண சீசனிலும் தீபாவளி வாரத்திலும் பாதிப் பேர் காணாமல் போவார்கள், அந்த மாத வருமானத்தை முன்பே குறைத்தே கணக்கிடுங்கள்.

அலுவலக வேலைகள் அதிகம் இல்லை. சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு இலவசம், பணம் கேட்கும் இணையதளம் அரசுடையது அல்ல. உள்ளாட்சிக்குத் தொழில் வரி அரையாண்டுக்கு ஒரு முறை. ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி. டாக்டர், ஆஸ்பத்திரி சேவைக்குள்ள விலக்கு உங்களுக்கும் உண்டு என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள், ஆடிட்டரைக் கேளுங்கள். தொழில்முறைப் பொறுப்புக் காப்பீடு கட்டாயம் எடுங்கள். படிவத்தில் நோயுள்ளவர்களுக்குப் பயிற்சி தருவதை ஒளிக்காமல் எழுதுங்கள். ஜிம் ட்ரெய்னர் என்று மட்டும் எழுதி எடுத்த பாலிசி தேவைப்படும் நாளில் உதவாது.

பெண்களுக்கு வீட்டில் பயிற்சி தரும் ஆண் பயிற்சியாளர், வீட்டில் இன்னொருவர் இருக்கும்போது மட்டுமே போக வேண்டும். தொட்டுத் திருத்தும் முன் கேட்க வேண்டும். குழுவாகச் சேரும் பெண்களுக்குப் பெண் பயிற்சியாளர் இருந்தால் வருகை நிச்சயம் கூடும்.

ரெஃபரலைக் கொண்டுவரும் ஒரு தாள்

பன்னிரண்டாம் வாரம் அதே சோதனைகளை அதே வரிசையில் திரும்ப எடுத்து, வாடிக்கையாளரின் எழுத்துப்பூர்வ சம்மதத்தோடு, டாக்டருக்கு ஒரு பக்கம் அனுப்புங்கள். இப்படி இருக்கலாம்:

"திருமதி ச., 58 வயது. 24 அமர்வில் 21 வந்தார். நாற்காலியிலிருந்து எழுதல் 9இலிருந்து 13. எழுந்து நடந்து திரும்பும் நேரம் 13.5 விநாடியிலிருந்து 10.2. பயிற்சிக்கு முந்தைய பிரஷர் சராசரி முதல் வாரம் 148/90, கடைசி வாரம் 136/84. இடுப்பு 96இலிருந்து 93 சென்டிமீட்டர். கவனத்துக்கு: கடந்த மூன்று வாரத்தில் இரண்டு முறை பயிற்சி முடிந்ததும் சுகர் 68, 66. இரு நாளும் காலை மாத்திரைக்குப் பின் உணவு தாமதம். உணவு நேரம் சரிசெய்யச் சொல்லப்பட்டது. தங்கள் பார்வைக்கு."

"கவனத்துக்கு" என்ற வரிதான் இந்தத் தாளிலேயே விலை மதிப்புள்ளது. மாத்திரையைக் குறைக்கலாமே என்று நீங்கள் எழுதவில்லை. அவர் ஓபியில் பார்க்க முடியாத ஒன்றை, முடிவெடுக்க வேண்டிய அவரிடமே ஒப்படைத்திருக்கிறீர்கள். இப்படி நான்கு தாள் வாங்கிய டாக்டர் ஐந்தாவது நோயாளியை அவரே அனுப்புவார். முன்னேற்றம் இல்லாத வாடிக்கையாளருக்கும் இதே தாளை அனுப்புங்கள். நல்ல கதையை மட்டும் அனுப்புகிறவரை யாரும் நம்ப மாட்டார்கள்.

ரெஃபரலுக்குக் கமிஷன் தராதீர்கள். 2002ஆம் ஆண்டு மருத்துவ கவுன்சில் நடத்தை விதிகள் டாக்டர்கள் அதை வாங்குவதைத் தடுக்கின்றன. கேட்டால், "எங்களிடம் அந்த வழக்கம் இல்லை" என்று சிரித்துவிட்டு அடுத்தவரிடம் போங்கள். பிசியோதெரபிஸ்டுகளைப் போட்டியாக நினைக்க வேண்டாம். சிகிச்சை முடிந்தவர்களை அவர்கள் அனுப்பட்டும், புதிதாக வலி, வீக்கம் வந்தவர்களை நீங்கள் அவர்களிடம் திருப்பி அனுப்புங்கள். ஒருமுறை திருப்பி அனுப்பியதும் உறவு தானாக உறுதிப்படும்.

எண்களை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடாதீர்கள், பெயரை மறைத்தாலும் அந்த அபார்ட்மெண்டில் எல்லோருக்கும் ஆள் தெரியும். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் போனில் வைத்திருக்கும் இந்தத் தகவலையும் சேர்த்தே பேசுகிறது. நோட்டு பூட்டிய அலமாரியில், போன் கோப்புகள் பாஸ்வேர்டுக்குள்.

உதவியாளரைச் சேர்க்கும் நேரம், காத்திருப்போர் பட்டியலில் எட்டுப் பேர் தொடர்ந்து இரண்டு மாதம் இருக்கும்போது. முதல் மாதம் அவர் உங்களோடு வந்து பிரஷர் எடுத்து நோட்டு எழுதட்டும், பயிற்சி கொடுக்க வேண்டாம். பத்து நோட்டுகளைப் படித்து "இன்று யாருக்கு, எதற்காகப் பயிற்சியை நிறுத்தியிருப்பாய்?" என்று நீங்கள் கேட்டதற்குப் பத்திலும் சரியாகச் சொன்ன பிறகு, மருந்து குறைவாக உள்ள ஒரு முட்டிவலிக்காரரை முதலில் அவரிடம் கொடுங்கள்.